மூணாவது ஓலை

நம்ம சண்டே ஸ்கூல் கூட்டாளிங்க குரூப்புல நேத்து மத்தியானத்துல இருந்து ஒரே ரகளை. ஆம்பளையும் ஆம்பளையும் கல்யாணம் பண்ணிக்கினா சபை ஏத்துக்கலாமான்னு யாரோ ஒரு ஃபார்வர்ட் போட்டீங்க. அதுக்குக் கீழ வரிசையா கைகூப்பின பொம்மை, நெருப்புப் பொம்மை, சோதோம், கொமோரா. துபாய்ல இருக்கிற நம்ம ஆளு ஒருத்தன், "நம்ம காலத்துல இதெல்லாம் கிடையாது, காஞ்சிபுரத்துல நம்ம சபை சுத்தமா இருந்துது"ன்னு எழுதியிருக்கான். படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துது. அப்புறம் கோவம் வந்துது. போன ஞாயிறு நம்ம சர்ச்சுல நடந்தது உங்க காதுக்கு வந்ததாலதான் இவ்வளவு அமர்க்களம்னு எனக்குத் தெரியும். அதுக்கு வரேன். அதுக்கு முன்னாடி ஒரு கிறிஸ்மஸ் சீசனை உங்களுக்கு ஞாபகப்படுத்தணும். கண்ணாடியத் தேடி எடுத்துப் போட்டுக்கினு, ஒரு விரலால டைப் பண்றேன். பொறுமையாப் படிங்க.

நான் தேவதூதனா நடிச்ச வருஷம். எங்க சித்திக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம். இப்போ ஞாபகம் வருதா?

அப்போ சர்ச்சுல பெஞ்சு கிடையாது, பாய்தான். இடது பக்கம் பொம்பளைங்க, வலது பக்கம் ஆம்பளைங்க. புருசனும் பொண்டாட்டியும் வீட்ல இருந்து சேந்து நடந்து வருவாங்க, வாசப்படியில செருப்பக் கழட்டினதும் ஆளுக்கொரு பக்கம் பிரிஞ்சிடுவாங்க. அவ்வளவு பெரிய சபையில தோளோட தோள் உரசிக்கினு உக்காந்த ஜோடி ஒண்ணுதான். ஆர்மோனியத்துக்கு முன்னால பாட்டு வாத்தியாரு, பக்கத்துல அவருக்குப் பாட்டுப் புஸ்தகத்தைப் புரட்டிக் குடுக்கிற டைலரு. இது எனக்கு இந்த வயசுலதான் தோணுது. அப்போ யாருக்குத் தோணும்?

பாட்டு வாத்தியாரு ஒல்லி, ஒசரம், குரலுக்காக வாயில எப்பவும் ஒரு மிளகு. டைலரு குள்ளம், ஞாயித்துக்கிழமை கூட கழுத்துல அளவு டேப்பு தொங்கும். சர்ச்சுக்குப் பின்னாடி தெருவுல ரெண்டு பேரும் ஒரே வீடு. முன்ரூமு தையக்கடை, பின்ரூமுல பாட்டு. நெசவுத் தெரு வீட்டுப் பொம்பளைங்க அத்தனை பேரும் பட்டு ஜாக்கெட்டுக்கு டைலருகிட்டதான் வருவாங்க, தறியில மிஞ்சின பார்டர் துண்டு, ஜரிகை ஓரம்னு ஏதாவது குடுத்துட்டுப் போவாங்க. அதை அவரு வருஷம் பூரா தகர டப்பாவுல சேத்து வெப்பாரு. எதுக்கு? நமக்காக. கிறிஸ்மஸ் டிராமாவுல குழந்தை இயேசுவைப் பார்க்க வர்ற மூணு சாஸ்திரிகளும் அசல் காஞ்சிபுரம் ஜரிகை வெச்ச அங்கியில வந்தது நம்ம சர்ச்சுலதான்யா. எனக்கு இறக்கை தைச்சாரு பாருங்க, மயில் கழுத்துப் பச்சையில ஒண்ணு, அரக்குல ஒண்ணு. ஒரே கலருல ரெண்டு இறக்கைக்குத் துணி பத்தல. "பரலோகத்துல யூனிபாரம் கிடையாதும்மா"ன்னாரு. அந்த இறக்கை எங்க போச்சோ, இன்னிக்கும் கனவுல வருது.

இன்னொண்ணும் ஞாபகப்படுத்தறேன். ஆராதனையில அறிவிப்பு முடிஞ்சதும் போதகர் ஐயா, "இந்த வாரம் பிறந்தநாள் காண்கிறவங்க முன்னால வாங்க"ன்னு கூப்பிடுவாரு. போயி முழங்கால் போடுவாங்க, ஐயா தலையில கை வெச்சு ஜெபம் பண்ணுவாரு, சபையே எழுந்து பாடும். அப்புறம் கல்யாண நாள்காரங்களைக் கூப்பிடுவாரு. ரெண்டுக்கும் பாட்டு ஒண்ணுதான், வாத்தியாரே மெட்டுப் போட்டது. வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு, பிறந்தநாளுக்குக் கூப்பிடும்போது வாத்தியாரும் டைலரும் சேந்து எழுந்து போவாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே வாரத்துல பொறந்தநாளு, என்னா பொருத்தம் பாருன்னு எங்க அம்மாகூட சொல்லுவாங்க. அன்னிக்கு நமக்கெல்லாம் ஆளுக்கொரு கேக்கு வேற. நாம எவ்வளவு சத்தமாப் பாடுவோம்.

சரி, அந்த வருஷத்துக்கு வரேன். நவம்பர் மாசம், மழை விட்டு விட்டுப் பெஞ்சிக்கினு இருந்துது. ஒரு ஞாயிறு போதகர் ஐயா, ஆம்பளையோட ஆம்பளை சேந்த பாவத்துக்குத்தான்னு சோதோம் ஊரு எரிஞ்ச கதையை எடுத்துப் பிரசங்கம் பண்ணாரு. பெரியவங்கல்லாம் தலை குனிஞ்சிக்கினு இருந்தாங்க. நமக்கு அதுல புடிச்சது ஒண்ணுதான், எரியற ஊரைத் திரும்பிப் பார்த்தவ உப்புத் தூணா ஆனது. ஆராதனை முடிஞ்சதும் சர்ச்சு மைதானத்துல அதையே ஆட்டமா ஆடினோம், ஞாபகம் இருக்குதா? ஒருத்தர் "திரும்பு"ன்னு கத்தணும், எல்லாரும் திரும்பி அப்படியே உறைஞ்சு நிக்கணும், அசைஞ்சவங்க அவுட்டு. டைலரு எப்பவும் நம்ம ஆட்டத்துல ஒரு கை சேருவாரு. அன்னிக்கு அவரு வாத்தியாருக்குப் பின்னாடி வேகமா நடந்து போனாரு. நான் ஓடிப்போயி "திரும்பு"ன்னு கத்தினேன். அவரு திரும்பவே இல்ல. ஆட்டம் தெரியாத மனுஷன்னு நான் கோச்சுக்கினேன்.

அன்னிக்கு மத்தியானம் எங்க வீட்ல கமிட்டிக்காரங்க ரெண்டு பேரு. அப்பாதான் அப்போ சபைச் செக்ரட்டரி. நான் கூடத்துல சோழி ஆடிக்கினு இருந்தேன்.

"ரெண்டு ஆம்பளைங்க இத்தனை வருஷமா ஒரே வீட்ல. ஊரு பேசுது செக்ரட்டரி. கோயில் ஊருல நம்மளே கொஞ்சம் பேரு, கெட்ட பேரு வேற வரணுமா?"

"ஐயா என்னா சொல்றாரு?" இது அப்பா.

"வாத்தியாரு ஒரு கல்யாணம் பண்ணிக்கட்டும். இல்லன்னா ஆர்மோனியத்தைத் தொடக்கூடாது, ரெண்டு பேருக்கும் நற்கருணை அப்பமும் ரசமும் கிடையாது. முடிவா சொல்லிட்டாரு."

அதுக்கு அப்பா சொன்னாரு, "அந்த மாதிரியெல்லாம் இருக்காதுபா. பொண்ணு குடுக்க ஆளு இல்லாம தனியாக் கிடக்கிறாரு. ஒரு கல்யாணம் ஆயிட்டா எல்லாம் சரியாயிடும். எங்க வீட்லயே பொண்ணு இருக்குது."

அந்தப் பொண்ணுதான் எங்க சித்தி, அம்மாவோட தங்கச்சி. நர்ஸு. முப்பது நெருங்கிக்கினு இருந்துது, வந்த வரனெல்லாம் கருப்புன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. எங்கப்பா கெட்டவரு இல்ல. ஒரே கல்யாணத்துல ரெண்டு பேரைக் கரையேத்தறோம்னு நெஜமாவே நம்பினாரு. இப்போ நினைச்சா அதுதான் எனக்குப் பயமா இருக்குது, அவ்வளவு நல்ல மனசோட அவ்வளவு பெரிய தப்பு பண்ண முடியுங்கறது.

ஆனா அப்போ எனக்குத் தலைகால் புரியல. சித்திக்குக் கல்யாணம். நான்தான் பூப்பொண்ணு. வாத்தியாரு எனக்குச் சித்தப்பா ஆகப் போறாரு, டிராமாவுல எனக்குத் தனிப்பாட்டு கிடைச்சிடும். சித்தியும் சிரிச்சுக்கினுதான் இருந்துது. வாத்தியாரு வந்து தலை குனிஞ்சு "சரி"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனாரு. வெக்கம்னு எல்லாரும் சொன்னோம். கல்யாணம் ஜனவரியில. அதுக்கு முன்னாடி மூணு ஞாயிறு சபையில ஓலை வாசிக்கணும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் நிச்சயமாயிருக்குது, யாருக்காவது தடை தெரிஞ்சா சொல்லுங்கன்னு போதகர் கேக்கறதுதான் ஓலை. மொத ஓலை வாசிச்ச அன்னிக்கு நான் பாயில உக்காரவே இல்ல, முட்டி போட்டுக்கினு எல்லார் மூஞ்சியும் பார்த்துக்கினு இருந்தேன். டைலரு மட்டும் புஸ்தகத்துல பக்கம் மாத்திப் புரட்டிட்டாரு. வாத்தியாரு அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் தப்பு விட்டு நான் பார்த்ததில்ல. அன்னிக்கு விட்டாரு.

கல்யாண ஜாக்கெட்டு யாருகிட்ட தைக்கக் குடுப்பாங்க? டைலருகிட்டதான். சித்தி தந்த நிறப் பட்டும் ஒரு அளவு ஜாக்கெட்டும் எடுத்துக்கினு என்னையும் கூட்டிக்கினு போச்சு. அவரு துணியை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்து, "நல்ல பட்டும்மா. நல்லாத் தைச்சுத் தரேன்"ன்னாரு. எனக்கு இறக்கை அளவு எடுத்தாரு, கை குளுகுளுன்னு இருந்துது.

ரெண்டாவது ஓலையும் ஆச்சு. மூணாவது ஓலைக்கு முந்தின நாளு, சனிக்கிழமை சாயங்காலம், ஜாக்கெட்டு வாங்கப் போனோம். தெரு பூரா தறிச் சத்தம், பெரிய கோயில் ஒலிபெருக்கியில மார்கழிப் பாட்டு. எனக்கு ஒரே குஷி. இறக்கையும் ரெடியாயிருக்கும்.

உள்ள போனா தையல் மிஷினைக் கோணி போட்டுக் கட்டி வெச்சிருந்துது. பக்கத்துல ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய்ச் சுருட்டு. வாத்தியாரு பின்ரூமு வாசப்படியில உக்காந்திருந்தாரு. டைலரு ஜாக்கெட்டை நீட்டினாரு. சித்தி அதை வாங்கிப் பார்த்துட்டு நின்னுது. கழுத்தைச் சுத்தி ஒரு அரிசி அளவுக்கு ஜரிகை ஓரம் வெச்சிருந்தாரு, நாங்க கேக்கவே இல்ல. அவரோட தகர டப்பாவுல இருந்து எடுத்தது.

"உள்ள துணி விட்டிருக்கேம்மா. பின்னாடி ஒடம்பு போட்டா பிரிச்சுக்கலாம்"ன்னாரு.

"மிஷினை ஏன் கட்டியிருக்கீங்க?"

"ஆரணிக்குப் போறேன். அங்க ஒரு கடையில ஆளு வேணுமாம். புதுசா குடித்தனம் பண்ற வீட்ல நான் எதுக்கும்மா?"

"நாளைக்கு உங்க பொறந்தநாளாச்சே. அது கூட ஆகாம கிளம்பினா எப்படி?"

டைலரு சிரிச்சாரு. "எனக்குப் பொறந்தநாளு எவனுக்குத் தெரியும்? எங்கம்மா கழனி வேலைக்குப் போயிக்கினு இருந்தவ. மழை நாளுல பொறந்தேன்னு மட்டும் சொல்லுவா. அது பொறந்தநாளு இல்லம்மா. இந்த மிஷினைத் தலையில தூக்கிக்கினு இந்த வீட்டுக்கு நான் வந்த நாளு."

சித்தி திரும்பி வாத்தியாரைப் பார்த்துது. "நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

அவரு வாயைத் திறந்தாரு. "ஜாக்கெட்டு நல்லா வந்திருக்குதா?"ன்னு டைலரைக் கேட்டாரு. அவ்வளவுதான். கண்ணு மட்டும் கட்டி வெச்ச மிஷின் மேலயே இருந்துது. ஆம்பளை அப்படி அழுவறதை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல, சத்தமே இல்லாம, துடைச்சுக்காம. எனக்கு என்னா புரியும்? இறக்கை எங்கன்னு கேட்டேன். டைலரு எடுத்துக் குடுத்தாரு. அதை மாட்டிக்கினே வீட்டுக்கு வந்தேன், தெருவே வேடிக்கை பார்த்துது. சித்தி வழி பூரா என் கையை இறுக்கிப் புடிச்சிக்கினு வந்துது, வலிச்சுது.

ஞாயித்துக்கிழமை. இதாவது ஞாபகம் இருக்குதா உங்களுக்கு? போதகர் ஐயா மூணாவது ஓலையை வாசிச்சாரு. தடை ஏதாவது தெரிஞ்சா இப்பவே சொல்லணும், இல்லன்னா பின்னாடி பேசக் கூடாதுன்னாரு. வழக்கமா ஒரு மூச்சு விடற நேரம் நிறுத்துவாரு, அவ்வளவுதான். அந்த மூச்சுக்குள்ள எங்க சித்தி எழுந்து நின்னுது.

"ஐயா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

"என்னாம்மா தடை?" போதகருக்குக் குரலே எழும்பல.

"தடையெல்லாம் ஒண்ணும் இல்லங்க. நான் நைட் டூட்டி பார்க்கிறவ. பகல்ல தூங்கணும். அந்த வீட்ல ஓயாம ஆர்மோனியம். என்னால முடியாதுங்க."

மொதல்ல ஆம்பளைங்க பக்கம் யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. அப்புறம் சபையே சிரிச்சுது. எங்கப்பா மூஞ்சி செத்துப் போச்சு. அம்மா சித்தியோட முந்தானையைப் புடிச்சு இழுத்தாங்க, அது உக்காரல. "தப்பு என் மேலதான் ஐயா. வாத்தியாரு மேல ஒரு குத்தமும் சொல்லக் கூடாது. அவரு சரின்னு சொன்னவரு"ன்னு சொல்லிட்டுத்தான் உக்காந்துது. இப்போ பாருங்க அதோட கெட்டிக்காரத்தனத்தை. கல்யாணம் பண்ணிக்கோன்னாங்க, அவரு மாட்டேன்னே சொல்லலியே. ஆர்மோனியத்தை எப்படிப் புடுங்குவாங்க, நற்கருணையை எப்படி நிறுத்துவாங்க? மாட்டேன்னது பொண்ணு. அந்தப் பேரைத் தன் தலையில போட்டுக்கிச்சு. திமிரு புடிச்சவன்னு ஊரு பூரா சொல்லும்னு அதுக்குத் தெரியும். சொல்லிச்சு.

போதகர் ஐயா வேர்வையைத் துடைச்சுக்கினு அடுத்த வேலைக்குத் தாவினாரு. "பிறந்தநாள் காண்கிறவங்க முன்னால வாங்க."

யாரும் அசையல. ஆர்மோனியத்துப் பக்கம் பார்த்தேன். வாத்தியாரு எழுந்தாரு. எழுந்து டைலருக்குக் கை குடுத்துத் தூக்கி விட்டாரு. ரெண்டு பேரும் போயி முழங்கால் போட்டாங்க. போதகர் ஒரு நிமிஷம் தயங்கினாரு. அப்புறம் ஒரு கையை இவரு தலையிலயும் ஒரு கையை அவரு தலையிலயும் வெச்சாரு. வாத்தியாரு முட்டி போட்டிருக்கிறாரு, ஆர்மோனியம் வாசிக்க ஆளு இல்ல, யாரு பாட்டை எடுக்கிறதுன்னு சபை முழிக்குது. எங்க சித்திதான் எடுத்துது. அப்புறம் நாம எல்லாரும். கேக்கை நினைச்சுக்கினு நாம பாடின பாட்டு கூரையைத் தொட்டுது.

சாயங்காலம் நான் ஓடிப்போயி பார்த்தேன். மிஷின் மேல கோணி இல்ல.

அப்பா அதுக்கப்புறம் ஈஸ்டர் வரைக்கும் சித்திகிட்ட பேசல. நாலஞ்சு வருஷம் கழிச்சு மாகறல்ல இருந்து ஒரு பஸ் கண்டக்டரு வந்து சித்தியைக் கட்டிக்கினாரு, பாட்டுன்னா என்னான்னே தெரியாத மனுஷன், சித்திக்கு அவரு அவ்வளவு செல்லம். கல்யாணத்துக்கு அதே ஜாக்கெட்டுதான். உள்ள விட்ட துணியை டைலரே பிரிச்சுக் குடுத்தாரு.

இப்போ போன ஞாயித்துக்கு வரேன். ஆடி மாசம் டைலரு போயிட்டாரு, உங்களுக்குத் தெரியும், குரூப்புல எல்லாரும் பூ போட்டீங்க. வாத்தியாருக்கு எம்பது தாண்டிடுச்சு. இப்போ பெஞ்சு வந்தாச்சு, கீபோர்டு வந்தாச்சு. பாஸ்டருக்கு என் பையன் வயசு, நல்ல புள்ளைதான். ஆனா அதுக்கு முந்தின வாரம்தான், ஆண்டவர் ஆணையும் பெண்ணையும்தான் சேத்தாரு, கோர்ட்டு என்னா சொன்னாலும் சபை அசையாதுன்னு மைக்கு அதிரப் பேசியிருந்தாரு.

கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு இல்லியா, பிறந்தநாளுக்குக் கூப்பிட்டாரு. நான் வாத்தியாரையே பார்த்துக்கினு இருந்தேன். அவரு எழவே இல்ல. டைலரு இல்லாம தனியா எப்படிப் போவாருன்னு நினைச்சுக்கினேன். அந்தப் பாட்டு முடிஞ்சுது. "திருமண நாள் காண்கிற குடும்பங்கள் வாங்க." ரெண்டு ஜோடி போச்சு. அதுக்குப் பின்னாடி டொக்கு டொக்குன்னு ஊனுகோல் சத்தம். வாத்தியாரு. போயி வரிசையில கடைசியா நின்னாரு, பக்கத்துல ஒரு ஆளு நிக்கிற அளவுக்கு எடம் விட்டு.

பாஸ்டரு குனிஞ்சு, "தாத்தா, பிறந்தநாள் ஜெபம் முடிஞ்சுதே, பரவாயில்ல, உங்களுக்குத் தனியா"ன்னு ஆரம்பிச்சாரு.

"பொறந்தநாளு இல்ல பாஸ்டர். கல்யாண நாளுதான். இத்தனை வருஷமா அதுதான்."

மைக்குல கேட்டுது. கீபோர்டு தம்பி கையை எடுத்துட்டான். எனக்குப் பயமா சந்தோஷமான்னு தெரியல. அப்போ இடது பக்கத்துல இருந்து, பெஞ்சு வந்தும் இடது பக்கத்தை விடாத எங்க சித்தி, பல்லு போன வாயால பாட்டை எடுத்துது. நான் சேந்தேன். நம்ம வயசுக்காரங்க அங்கங்க சேந்தாங்க. சின்னவங்களுக்கு விஷயம் புரியல, பாட்டு தெரியும், பாடினாங்க.

பாஸ்டரு போட்டிருந்த வெள்ளை அங்கி டைலரு கையால தைச்சது. அந்த அங்கி போட்ட தன் கையை ஆசீர்வாதம் பண்ண அவரு தூக்கறாரா இல்லையான்னு நான் கண்ணு கொட்டாம பார்த்தேன். ரெண்டாவது சரணத்துல தூக்கினாரு. "இங்கே நிக்கிற எல்லாரையும் ஆசீர்வதியும்"ன்னாரு. பேரு சொல்லல. எல்லாரையும்னுதான் சொன்னாரு. எனக்கு அது போதும்.

இப்போ கமிட்டி கூடப் போகுதாம், வாத்தியாருக்குக் கிறிஸ்மஸ் நற்கருணை குடுக்கலாமா வேணாமான்னு. பழைய ஆளுங்க கருத்தைக் கேக்கறாங்க, அதுக்குத்தான் குரூப்புல இவ்வளவு கூச்சல். சொல்லுங்க, உங்க மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க. நம்ம சபை இதை ஒருநாளும் ஆசீர்வதிச்சதில்லன்னு மட்டும் சொல்லாதீங்க. வருஷா வருஷம் எழுந்து நின்னு ஆசீர்வதிச்சோம். டேய் துபாய்காரா, ஜரிகை அங்கி போட்ட மொத சாஸ்திரி நீதான். எல்லாரையும் விட நீதான் சத்தமாப் பாடுவ, சுருதியே சேராது. டைலரு முட்டி போட்டுக்கினே வாத்தியாரைப் பார்த்துச் சிரிப்பாரு.